முதல் முழு மாரத்தான் பயிற்சியில் அடங்காத பசி: எடையும் குறைய வேண்டும், ஓடவும் வேண்டும்

வேளச்சேரி_ஓட்டம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் நடக்கவிருக்கும் சென்னை மாரத்தானில் 42.195 கி.மீ. முழு ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன். முழு ஓட்டம் இதுவே முதல் முறை. வயது 41, உயரம் 171 செ.மீ., எடை 82 கிலோ. நாள் முழுவதும் கணினி முன் உட்கார்ந்திருக்கும் வேலை. வாரத்தில் நான்கு நாள் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் இப்போது 20 முதல் 22 கி.மீ. வரை வந்திருக்கிறது, வாரத்துக்கு மொத்தம் 40 கி.மீ. ஆகிறது.

ஓடத் தொடங்கிய புதிதில் எடை தானாகவே 3 கிலோ குறைந்தது. அப்போது நான் உணவில் எந்த மாற்றமும் செய்யவில்லை. ஆனால் லாங் ரன் 16 கி.மீ.யைத் தாண்டிய பிறகு நிலைமை தலைகீழாகிவிட்டது. தூரம் கூடக் கூடப் பசியும் கூடுகிறது, குறைந்த எடையில் பாதி திரும்ப ஏறிவிட்டது. ஞாயிறு காலை ஓடி முடித்ததும் எனக்குச் சாப்பிடவே பிடிப்பதில்லை. இரண்டு இட்லி, ஒரு காபியோடு எழுந்துவிடுகிறேன். மதியத்துக்குமேல் தொடங்கும் பசி இரவு படுக்கும்வரை அடங்குவதில்லை. பஜ்ஜி, மிக்சர், மீதமிருக்கும் தோசை மாவு என்று எது கையில் கிடைத்தாலும் உள்ளே போகிறது. திங்கட்கிழமையும் இதே கதைதான். வார நாள்களில் மாலை 4 மணிக்கு அலுவலகத்தில் தொடங்கும் பசியும் இதற்குச் சளைத்ததல்ல. எடை குறையட்டும் என்று இரவில் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி மட்டும் சாப்பிட்டு வருகிறேன். அதனாலும் பயன் தெரியவில்லை.

இன்னொரு விவரமும் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. எனக்குச் சென்ற பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாத இரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 5.9 என்று வந்தது. எடையைக் குறைக்கச் சொன்ன மருத்துவர், ஓடுவதற்குத் தடையில்லை என்றும் சொன்னார். மாத்திரை எதுவும் இல்லை.

ஜனவரிக்குள் ஐந்தாறு கிலோ குறைத்துவிட முடியுமா, அல்லது மாரத்தான் பயிற்சியின்போது எடை குறைப்பதே தவறா? வெறும் வயிற்றில் ஓடினால் கொழுப்பு கரையும் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள், அதைச் செய்யலாமா? ஓடும்போது ஜெல் (சிறு பொட்டலத்தில் வரும் மாவுச்சத்துக் கூழ்), சர்க்கரைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். எச்பிஏ1சி இப்படி இருக்கும்போது அது சரியா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கடற்கரை58 எழுதியது:

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது மாலைப் பசி அல்ல, காலையில் சாப்பிடப் பிடிக்கவில்லை என்ற வரிதான். கடுமையாகவோ வெகுநேரமோ ஓடிய பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்துக்குப் பசி மந்தமாக இருப்பது இயல்பு. ஓடும்போது இரத்தம் குடலைவிட்டுக் கால் தசைகளுக்கும் தோலுக்கும் திரும்பிவிடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனும் தற்காலிகமாக இறங்கிவிடுகிறது. சென்னை வெயிலிலும் புழுக்கத்திலும் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். அந்த நேரத்தில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டால், உடல் அந்தக் கணக்கை மறந்துவிடாது. மாலையில் வட்டியோடு வசூலிக்கும்.

82 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 80 கலோரி செலவாகும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். வேகம் கூடினாலும் குறைந்தாலும் இது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே 22 கி.மீ.க்கு 1800 கலோரி. அதற்குப் பிறகு நீங்கள் சாப்பிட்டது 250 கலோரி இருந்தால் அதிகம். இப்படிப்பட்ட நாளில் மாலை ஐந்து மணிக்குப் பஜ்ஜிக் கடையைக் கண்டதும் கால் நின்றுவிடுவதை மன உறுதிக் குறைவு என்று நினைத்து வருந்தாதீர்கள்.

பசி இல்லாவிட்டாலும், ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் முழு உணவு ஒன்றை முடித்துவிடுங்கள். மென்று விழுங்கப் பிடிக்கவில்லை என்றால் குடிக்கும் உணவாக எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழுவில் மூத்தவர்கள் பலர் பழைய சோற்றில் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். வியர்வையில் போன தண்ணீர், உப்பு, கரைந்துபோன மாவுச்சத்து எல்லாம் அந்த ஒரு சட்டியில் இருக்கின்றன. வெயிலில் களைத்து வருபவருக்கு அது தொண்டைக்குள் இறங்கும் சுகமே தனி. புரதம்தான் அதில் போதாது. அரை மணி நேரம் கழித்து இரண்டு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சேர்த்துக்கொண்டால் அந்தக் குறையும் தீர்ந்துவிடும்.

கைக்கடிகாரம் காட்டும் கலோரியை நம்பி உண்ணவும் வேண்டாம், உணவைக் குறைக்கவும் வேண்டாம். இதயத் துடிப்பை வைத்து அது போடும் கணக்கு, புழுக்கமான நாள்களில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வெப்பத்தால் துடிப்பு ஏறுவதைக் கடினமான உழைப்பு என்று அது எடுத்துக்கொள்கிறது.

கிழக்குக்கரை எழுதியது:

என் அனுபவம் சற்று மாறுபட்டது என்பதால் பதிவு செய்கிறேன். நான் காலையில் ஒரு கறுப்புக் காபியோடு கிளம்பி, முதல் உணவை நண்பகலில்தான் எடுத்துக்கொள்கிறேன். இந்த முறைக்கு மாறிய பின் எனக்கு 6 கிலோ குறைந்தது. மாலைப் பசியும் அடங்கியது. உடலில் கொழுப்பு இருப்பு ஏராளமாக இருக்கும்போது, அதைப் பயன்படுத்த உடலைப் பழக்குவது மாரத்தானுக்கும் நல்லதுதானே? ஓடுவதற்கு முன்னால் வாழைப்பழம், ஓடும்போது ஜெல், ஓடி முடித்ததும் டிபன் என்று அடுக்கினால் ஓடிய பயன் எங்கே மிஞ்சும் என்பது என் கருத்து. நான் ஓடுவது பெரும்பாலும் 8 முதல் 10 கி.மீ. என்பதையும் சொல்லிவிடுகிறேன், முழு மாரத்தான் ஓடியதில்லை.

உணவியல்_மதுரை எழுதியது:

வணக்கம். நான் உணவியல் நிபுணராகப் பணிபுரிகிறேன். ஓட்டக்காரர்கள் சிலருக்குத் தொடர்ந்து ஆலோசனை சொல்லி வருகிறேன். முதலில் மேலே நண்பர் எழுதிய வெறும் வயிற்று ஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அதில் பாதி உண்மை இருக்கிறது.

இரவு முழுவதும் உண்ணாமல் இருந்து காலையில் மெதுவாக ஓடும்போது, எரியும் எரிபொருளில் கொழுப்பின் பங்கு கூடுவது உண்மை. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எரிவது வேறு, 24 மணி நேரக் கணக்கின் முடிவில் உடலில் மிஞ்சுவது வேறு. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து, இரு குழுவினருக்கும் குறைந்த கலோரி உணவைக் கொடுத்து, ஒரு குழுவை வெறும் வயிற்றிலும் மற்றதை உண்ட பின்பும் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் என்று நான்கு வாரம் முடிந்தபோது, எடைக் குறைவிலும் கொழுப்புக் குறைவிலும் இரு குழுக்களுக்கும் வேறுபாடு இல்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நான் நேரில் காண்பதும் இதுவே. நண்பருக்கு 6 கிலோ குறைந்ததற்கு, நாள் முழுவதற்குமான உணவு குறைந்ததே காரணமாக இருக்க வேண்டும். 8 கி.மீ. ஈஸி ரன்னுக்கு வெறும் வயிற்றில் போவதில் ஆரோக்கியமானவருக்குத் தீங்கில்லை. 22 கி.மீ.க்கு, பின்னர் 30 கி.மீ.க்கு, அப்படிப் போவதை நான் ஏற்கமாட்டேன்.

காரணம் எளிது. தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேமித்து வைக்க முடிகிற மாவுச்சத்து மொத்தம் 500 கிராம் அளவுதான். அது ஏறத்தாழ 2000 கலோரி. உங்கள் எடைக்கு முழு மாரத்தானின் செலவு 3400 கலோரியைத் தாண்டும். மீதியில் பெரும்பங்கைக் கொழுப்பு தரும். ஆனால் கொழுப்பு மெதுவாகத்தான் ஆற்றல் தரும். கிளைகோஜன் தீர்ந்த பின் கொழுப்பை மட்டும் நம்பி ஓடும்போது கால் கனத்து, வேகம் விழுந்து, மனமும் சோர்ந்துவிடும். 30 கி.மீ.யைத் தாண்டியதும் பலர் நடக்கத் தொடங்குவதற்கு இதுவே முதன்மையான காரணம். ஆகவே ஓடும்போது உண்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. குடலையும் பழக்க வேண்டும். போட்டி நாளில் முதன்முறையாக ஜெல் சாப்பிட்டால் வயிறு புரட்டும்.

இரண்டரை மணி நேரம் வரையிலான ஓட்டத்துக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஜெல் வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சர்க்கரை, கால் தேக்கரண்டி உப்பு, இரண்டு எலுமிச்சம்பழச் சாறு சேர்த்தால் கடையில் விற்கும் பானத்துக்கு ஈடாகும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வியர்வையில் நாம் பெரிதும் இழப்பது சோடியத்தை என்பதால், இளநீர் மட்டும் போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் கரைசலில் உப்பு சரியாக இருக்கும். ஆனால் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருப்பதால் ஆற்றலுக்கு அது போதாது. தாகத்துக்கு மீறி வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருப்பது இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடலாம்; அதிலும் கவனம் வேண்டும்.

அடுத்து, எச்பிஏ1சி 5.9 பற்றிய உங்கள் அச்சம். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஓடிக்கொண்டிருக்கும் தசை, இன்சுலினை அதிகம் சார்ந்திராமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். அதனால் 15ஆவது கிலோமீட்டரில் குடிக்கும் சர்க்கரைத் தண்ணீரையும், அலுவலக நாற்காலியில் அமர்ந்து குடிக்கும் சர்க்கரைத் தண்ணீரையும் உடல் ஒரே விதமாகக் கையாளுவதில்லை. ஓட்டத்தின்போது தாராளமாகவும், ஓட்டம் இல்லாத நேரத்தில் கண்டிப்பாகவும் இருங்கள். பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த ஒரு டம்ளர் காபி ஏறத்தாழ 100 கலோரி. அலுவலகத்தில் நாளுக்கு நான்கு டம்ளர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரையைக் குறைக்க வேண்டிய இடம் அது. (இதைப் படிப்பவர்களில் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும் இருந்தால், ஓட்டத்தின்போது சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். மருத்துவரிடம் மருந்தளவைப் பேசிவிட்டே நீண்ட ஓட்டத்துக்குச் செல்ல வேண்டும்.)

இப்போது எடை. உங்கள் உயரத்துக்கு உடல் நிறைச் சுட்டெண் 28. இந்தியர்களுக்கு 25 முதலே உடற்பருமன் என்று கொள்கிறார்கள். ஆகவே எடையைக் குறைக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை; ஓட்டத்துக்கும் அது உதவும். 3 கிலோ குறைந்தாலே முழு மாரத்தானின் ஆற்றல் செலவில் 125 கலோரி அளவு குறையும், மூட்டுகளுக்கும் ஆறுதல். ஆனால் ஐந்தாறு கிலோ என்ற இலக்கை ஜனவரியோடு கட்டிப்போடாதீர்கள். ஒரு கிலோ கொழுப்பு ஏறத்தாழ 7700 கலோரி. நாளுக்குச் சராசரியாக 300 கலோரி குறைத்தால் வாரத்துக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் இறங்கும். டிசம்பர் தொடக்கம் வரை இப்படிப் போனால் 3 கிலோ குறையும். அதன் பிறகு குறைப்பை நிறுத்திவிட வேண்டும். மிக நீண்ட ஓட்டங்கள் வரும் அந்த வாரங்களில் உடலைப் பட்டினி போட்டால், காய்ச்சலும் காயமும்தான் வரும். மீதியைப் பிப்ரவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த 300 கலோரியை எல்லா நாளும் ஒரே மாதிரி வெட்டக்கூடாது என்பதுதான் நான் எல்லாரிடமும் வற்புறுத்தும் விஷயம். ஓய்வு நாளிலும் ஈஸி ரன் நாளிலும் 400, 450 குறைக்கலாம்; ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு முந்தைய சனி இரவும் ஒன்றும் குறைக்கக்கூடாது. நீங்கள் இப்போது செய்வது இதற்கு நேர்மாறாக இருக்கிறது: சனி இரவும் இரண்டு சப்பாத்தி, ஞாயிறு காலை இரண்டு இட்லி, பிறகு ஞாயிறு மாலையும் திங்கட்கிழமையும் கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுகிறீர்கள். சனி இரவு சோறு சாப்பிடுங்கள். அன்றைக்குச் சுண்டல், பயறு, கீரை போன்ற நார்ச்சத்து மிகுந்தவற்றைத் தவிர்த்து, ரசம் சாதம், தயிர் சாதம் என்று எளிதாகச் செரிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு வாழைப்பழமோ, சர்க்கரை தொட்டு இரண்டு மூன்று இட்லியோ போதும்.

பசியை அடக்குவதில் புரதத்துக்கு இணை இல்லை. உங்களுக்கு நாளுக்கு 100 கிராம் புரதமாவது வேண்டும். தமிழ் வீட்டுச் சாப்பாட்டில் இட்லி, சோறு, சாம்பார் என்று போனால் 50, 60 கிராமோடு நின்றுவிடுகிறது. காலையில் இரண்டு முட்டை 12 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம் 14 கிராம். 100 கிராம் மீன் 20 கிராம். 30 கிராம் சோயா உருண்டை 15 கிராம். சாம்பார் மேலே தெளிந்து நிற்காமல் பருப்போடு கெட்டியாக இருக்கட்டும். இரவுச் சோற்றை நிறுத்தியதற்குப் பதிலாக, ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் வைத்திருந்தால் பசி இவ்வளவு ஆடியிருக்காது. மாலை 4 மணிப் பசியை மன உறுதியால் அடக்க முயலாதீர்கள். அது வருவதற்கு முன்பே 3.30 மணிக்கு வேகவைத்த நிலக்கடலையோ சுண்டலோ ஒரு கொய்யாப்பழத்தோடும் மோரோடும் சாப்பிட்டுவிடுங்கள்.

தூக்கத்தையும் கேட்க விரும்புகிறேன். அதிகாலை 4 மணிக்கு எழுபவர் இரவு 11 மணிக்குப் படுத்தால், மறுநாள் பசியில் ஒரு பங்கு அந்தத் தூக்கக் குறைவால் வருவதாக இருக்கலாம். தூக்கம் குறைந்தால் கிரெலின் ஏறும், வயிறு நிறைந்ததை உணர்த்தும் லெப்டின் இறங்கும். இனிப்பின் மீதும் எண்ணெய்ப் பண்டத்தின் மீதும் நாட்டம் கூடுவது அதனால்தான்.

வைகறை எழுதியது:

சகோதரருக்கு மேலே சொன்னவை பொருந்தும். ஆனால் இந்தப் பக்கத்தை வேறு பலரும், குறிப்பாகப் பெண்களும், ஏற்கெனவே ஒல்லியாக இருப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் மற்றொரு பக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குழுவில் என்னோடு ஓடும் தங்கை ஒருத்தி 52 கிலோ எடையோடு முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்தாள். எடை இன்னும் குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பி, மாலைச் சிற்றுண்டியையும் இரவு உணவையும் சுருக்கிக்கொண்டாள். முதலில் வேகம் கூடியது உண்மைதான். பிறகு மாதவிடாய் தள்ளிப்போய், அடுத்த இரண்டு மாதம் வரவே இல்லை. ஓட்டத்தில் இருப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டிலும் சொன்னார்கள், குழுவிலும் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஓயாத வலி என்று ஸ்கேன் எடுத்தபோது, எலும்பில் நுண்ணிய முறிவு தெரிந்தது. போட்டியும் போயிற்று, அதற்குப் பிறகான பல மாதங்களும் போயின. மாதவிடாய் நிற்பது பயிற்சியின் இயல்பான விளைவு என்று சொல்வதை நாம் எல்லாரும் நிறுத்த வேண்டும். உணவு போதவில்லை என்று உடல் அனுப்பும் முதல் எச்சரிக்கை அது.

இதற்குப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் ரெட்-எஸ் (RED-S, விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது. செலவழித்த ஆற்றலுக்கு ஈடாக உண்ணாதபோது, உடல் தன் மற்ற வேலைகளை ஒவ்வொன்றாகச் சுருக்கிக்கொள்கிறது. எலும்பு, இனப்பெருக்க ஹார்மோன், நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாம் தொய்வடைகின்றன. ஆண்களுக்கும் இது வரும். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து, காமமும் உற்சாகமும் வற்றிப்போவதை வேலைப்பளு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

கணக்கும் கடினமில்லை. ஓட்டத்துக்கான செலவைக் கழித்த பிறகு, கொழுப்பு நீங்கலான உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 45 கலோரி மிஞ்சுவது நல்லது. 30க்குக் கீழே நெடுநாள் போனால் ஆபத்து. அந்தத் தங்கையின் கொழுப்பு நீங்கலான எடை 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், 12 கி.மீ. ஓடும் நாளில் 600 கலோரி செலவாகும். அவள் 2400 உண்ண வேண்டும். 1800க்குக் கீழே இறங்கவே கூடாது. எடைக் குறைப்புச் செயலி ஒன்று அவளுக்கு 1200 என்று இலக்கு வைத்துக் கொடுத்திருந்தது.

இரும்புச்சத்தையும் பாருங்கள். காரணமில்லாமல் வேகம் விழுந்தால், மூச்சு வாங்கினால், ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிடினும் பார்த்துவிடுவது நல்லது. உணவோடு காபி, டீ குடிப்பது இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். முருங்கைக்கீரையோ சுண்டலோ சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொள்வது நம் வீட்டில் உள்ள எளிய வழி.

வேளச்சேரி_ஓட்டம் எழுதியது:

ஐயாவுக்கும், மதுரை அம்மாவுக்கும், மற்ற இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சனி இரவையும் ஞாயிறு காலையையும் மாற்றிப் பார்த்தேன். சனிக்கிழமை ரசம் சாதமும் தயிர் சாதமும். காலையில் இரண்டு வாழைப்பழம். வழியில் எலுமிச்சைச் சர்க்கரைத் தண்ணீர். முடித்து வந்ததும் பழைய சோறு, மோர், பிறகு முட்டை. ஓட்டத்தின் கடைசிப் பகுதியில் வழக்கமாக வரும் தளர்ச்சி வரவில்லை. மாலையிலும் சாதாரணப் பசியே இருந்தது, நானே நம்பவில்லை. தூக்கம் பற்றி அம்மா கேட்டதற்குப் பதில், பெரும்பாலும் ஐந்தரை மணி நேரம்தான். அதையும் சரிசெய்ய வேண்டும் என்று புரிகிறது.

இரண்டு ஐயங்கள் மிச்சம். எடைமானியில் ஞாயிறு ஓடி வந்ததும் 80.5 காட்டியது, செவ்வாய்க்கிழமை 82.6 காட்டுகிறது. சாப்பாட்டைக் கூட்டியதால் ஏறிவிட்டதோ என்று மனைவி கேட்கிறார். எனக்கும் அதே கவலை. மேலும், கடைசி வாரங்களில் ஓட்டம் குறையும்போது உணவை எப்படி வைத்துக்கொள்வது? ஓடாத நாளில் அதே பசி இருந்தால் எல்லாம் ஏறிவிடாதா?

உணவியல்_மதுரை எழுதியது:

இரண்டு நாளில் 2 கிலோ கொழுப்பு ஏற வேண்டும் என்றால், செலவுக்கு மேல் 15,000 கலோரி உண்டிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. ஞாயிறு காலை நீங்கள் பார்த்த 80.5 வியர்த்துக் காய்ந்த உடலின் எடை. செவ்வாய்க்கிழமை 82.6 என்பது நீரும் கிளைகோஜனும் திரும்பி வந்த எடை. ஒரு கிராம் கிளைகோஜன் தன்னோடு ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டுதான் தசையில் தங்கும். நீண்ட ஓட்டத்தால் தசையில் ஏற்படும் நுண்காயங்களும் ஓரிரு நாள் நீரைப் பிடித்து வைக்கும். வீட்டில் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். எடை பார்ப்பதானால் தினமும் காலையில் கழிவறை சென்று வந்த பின் பார்த்து, ஏழு நாள் சராசரியை மட்டும் முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இல்லையேல் வாரம் ஒரு முறை வெள்ளிக்கிழமை பார்த்தால் போதும். அப்படியானால் திங்கள், செவ்வாயில் எடைமானி ஏறவே வேண்டாம். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை நாடாவால் அளப்பது உங்களைப் போன்றவர்க்கு இன்னும் நம்பகமானது. ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழே வருவது இலக்கு. அப்பாவின் நோயை நினைத்துப் பார்த்தால், மாரத்தான் நேரத்தைவிட எனக்கு அந்த அளவே முக்கியம்.

இடையில் தீபாவளி வரும். அன்று சாப்பிடுங்கள். அதற்காக மறுநாள் பட்டினியும் வேண்டாம், கூடுதல் ஓட்டமும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையால் சில ஓட்டங்கள் தவறும். ஓட்டம் தவறிய நாளில் ஓட்டத்துக்காகச் சேர்த்த உணவை மட்டும் விட்டுவிடுங்கள், மூன்று வேளை உணவில் கை வைக்காதீர்கள்.

டிசம்பர் நடுவில் உங்கள் மிக நீண்ட ஓட்டம், 30 அல்லது 32 கி.மீ., முடிந்த பிறகு வரும் மூன்று வாரங்களில் தூரம் படிப்படியாகக் குறையும். முதல் ஒரு வாரத்துக்குப் பழைய பசி அப்படியே இருக்கும். உடல் முந்தைய வாரங்களின் பாக்கியைத் தீர்த்துக்கொள்கிறது, அதனால் அஞ்ச வேண்டாம். புரதத்தைக் குறைக்க வேண்டாம். ஓட்டத்தின்போது எடுத்த சர்க்கரைப் பானங்களும் ஓட்டத்துக்கு முந்தைய வாழைப்பழமும் தூரத்துக்கேற்பத் தாமே குறைந்துவிடும். அதுவே போதுமான சரிக்கட்டல். போட்டிக்கு முந்தைய இரண்டு நாளும் மாவுச்சத்தைக் கூட்ட வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குக் கிலோவுக்கு 10 முதல் 12 கிராம் வரை சொல்வதுண்டு. முதல் முறை ஓடும், எச்பிஏ1சி 5.9 உள்ள உங்களுக்கு நாளுக்கு 600 கிராம் போதும் என்பது என் கணிப்பு. ஒரு நடுத்தர இட்லியில் 12 கிராம், 100 கிராம் சோற்றில் 28 கிராம், ஒரு வாழைப்பழத்தில் 25 கிராம் என்று கூட்டிப் பார்த்தால், அது மூன்று வேளையில் அடங்காது என்பது தெரியும். ஐந்தாறு வேளையாகப் பிரித்து, எண்ணெயையும் காய்கறியையும் அந்த இரண்டு நாள் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். அப்போது எடை ஒன்று, ஒன்றரை கிலோ ஏறும். அது உங்கள் தசை நிரம்பியதன் அடையாளம். பதற்றத்தில் கடைசி நாள் சோற்றைத் தள்ளிவிடாதீர்கள்.

இதையெல்லாம் போட்டிக்கு முன் ஒருமுறை ஒத்திகை பார்க்க வேண்டும். டிசம்பரில் வரும் அந்த 30 கி.மீ. ஓட்டத்துக்கு முந்தைய வெள்ளியும் சனியும் இதே உணவை எடுத்து, போட்டி அன்று எழப்போகும் நேரத்துக்கே எழுந்து, குடிக்கப்போகும் பானத்தையே குடித்து ஓடிப் பாருங்கள். எந்த வேளை வயிறு கனத்தது, எந்தக் கிலோமீட்டரில் பானம் திகட்டியது என்று குறித்து வைத்து இங்கே எழுதினால், ஜனவரிக்கான அளவுகளைச் சேர்ந்து திருத்திக்கொள்ளலாம்.